ரெண்டு தேளும் ஒண்ணானா

மூக்கம்மாவின் வலது கைத் தேள் சினையாகியிருக்கிறது என்று முதலில் சொன்னவள் எஸ்டேட் லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறை வீட்டில், இருக்கிற பாலாமணிதான். வாய் சும்மா இருக்காத பொம்பிளை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, மூக்கம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "அடியே, இதுக்கு எத்தனை மாசம்டி? இன்னும் கொஞ்ச நாள்ல குட்டி போட்டு முதுகுல சொமந்துக்கிட்டு நடக்கும் போலருக்கே" என்றாள். தண்ணிக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். மூக்கம்மாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அழ வேண்டும். அழுவதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

இரண்டு கையிலும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒவ்வொரு தேள். சிலோனில், கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில், அவள் சடங்காவதற்கு முன்னால் குத்திய பச்சை. கையில் தேள் குத்திக்கொண்டவளைத் தேள் கொட்டாது என்பார்கள். ஒரு கையில் மட்டும் குத்தினால் அது தெரிந்து மற்றக் கையைக் கொட்டிவிடுமே என்று அவள் ஆத்தாளுக்குச் சந்தேகம். அதனால் ஒரே அச்சில் ரெண்டு. அந்த ஆத்தாளின் யோசனைக்கும் பின்னால் வாய்த்த புருசனின் யோசனைக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பது மூக்கம்மாவின் தலையெழுத்து.

தேள்கள் அவளோடு கூடவே வளர்ந்தன, கூடவே மெலிந்தன. கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் கிடந்த காலத்தில் கை குச்சியாகி, ரெண்டும் நண்டுக்குஞ்சு மாதிரி ஒடுங்கிப்போயின. லீலாவதி வயிற்றில் இருந்தபோது உடம்பு பூரித்து ரெண்டும் கொழுத்தன. நீலகிரி வெயில் ஒரு மாதிரியான வெயில். குளிர் குளிராக இருக்கும்போதே தோலைக் கருக்கிவிடும். வருசக்கணக்காக அதில் நின்றதில் கோடெல்லாம் வெளிறி, ஓடையோரக் கல்லில் படிந்த பாசி நிறத்துக்கு வந்துவிட்டன. தேயிலை வாது கீறிக் கீறி வலது தேளுக்கு ஒரு கால் போயிற்று. எப்படி மாறினாலும் சேர்ந்தே மாறின. போன ஐப்பசியில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் வலது மார்பை எடுத்த பிறகுதான் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்தது.

கட்டி போய்விட்டது என்று நிம்மதிப்படுவதற்குள் கை வீங்கியது. மார்பை எடுக்கும்போது அக்குளில் இருந்த முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்களாம். கையில் ஊறுகிற நீருக்கு இனி இறங்கிப்போக வழியில்லையாம். நர்சம்மா படித்துப் படித்துச் சொன்னாள். அந்தக் கையில் ஊசி படக் கூடாது, சுமை தூக்கக் கூடாது, தலையணை வைத்து உயர்த்திப் போட வேண்டும், விரலிலிருந்து மேலே துணி சுற்றிக் கட்ட வேண்டும். கட்டுகிற வேலை புருசன் சுடலைமுத்துவுடையது. பழைய வேட்டியை நீளநீளமாகக் கிழித்து வைத்திருந்தார். தினமும் விடியற்காலையில் கட்டை அவிழ்த்து, லாந்தரைக் கிட்டத்தில் கொண்டுபோய்த் தேளைப் பார்ப்பார். கொடுக்கு மணிக்கட்டை நெருங்கியிருந்தால் வீக்கம் கூடியிருக்கிறது. விலகியிருந்தால் குறைந்திருக்கிறது.

"இன்னைக்கு எப்படிங்க?" என்பாள் மூக்கம்மா.

"நேத்து மாதிரிதான்" என்பார். கூடியிருந்தாலும் அதையேதான் சொல்வார்.

கருங்கல்மட்டம் எஸ்டேட்டில் வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. சுடலைமுத்து போன வருசம் ரிட்டயர் ஆனார். அன்றிலிருந்து காம்பரா மூக்கம்மாவின் பேரில் நிற்கிறது. அவளுக்கு இன்னும் நாலு வருசம் சர்வீஸ் உண்டு. வேலைக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். மற்றவர்களுக்கு இறங்கிப் போக ஓர் ஊர் இருக்கும். சுடலைமுத்துவின் பாட்டன் காலத்தில் விட்ட ஊர் தின்னவேலிப் பக்கம் எங்கேயோ இருக்கிறது, பேர்கூடச் சரியாகத் தெரியாது. மகள் லீலாவதி திருப்பூரில் ஒற்றை அறையில் நாலு பேரோடு இருக்கிறாள். போய் நின்றால் வெளியே தள்ள மாட்டாள், ஆனால் உள்ளே படுக்கவும் இடம் இருக்காது.

எஸ்டேட் டாக்டர் நல்ல மனுசர். பங்குனியில் பார்க்க வந்தபோது அவளை இரண்டு கையையும் மேசைமேல் சேர்த்து வைக்கச் சொன்னார். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அளக்க டேப்பே வேண்டாம்மா. ரெண்டு தேளும் ஒண்ணானா வேலைக்குப் போகலாம். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நான் அன்ஃபிட்டுன்னுதான் எழுதணும், கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

விளையாட்டாகச் சொன்ன வார்த்தை. சுடலைமுத்து அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் மேஸ்திரி நஞ்சப்பன் காம்பரா வாசலில் வந்து நின்றார். கொழுந்து சீசன் ஆரம்பித்துவிட்டது, ஆள் போதவில்லை. மனுசர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

"ஏனுங்க சுடலைமுத்து, கை எப்படியிருக்குதுங்க அம்மிணிக்கு?"

"வத்திக்கிட்டு வருதுங்க."

"ஆருகிட்டச் சொல்றீங்க? குழாயடியில பொம்பளைங்க பேசறது எனக்குக் கேக்காதுங்களா? தேரு முடிஞ்ச அடுத்த வாரம் டாக்டரு வாரார். அவுரு வேற எதையும் பாக்க மாட்டாருங்க, ரெண்டு தேளையும்தான் பாப்பாரு. இப்பிடியே இருந்தா நான் என்னுங்க பண்றது? ஊட்டைக் காலி பண்ணச் சொல்ற பாவம் எனக்கு வேண்டாமுங்க."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"நான் சொல்லித் தேளு சின்னதாகுமுங்களா?"

அவர் போன பிறகு சுடலைமுத்து அடுப்போரம் வந்து குந்தினார். மூக்கம்மா ஒற்றைக் கையால் மாவு பிசைந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சிலோனை விட்டு இத்தனை வருசம் ஆகியும் ராத்திரிக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ரொட்டி கல்லில் வெந்து வாசம் வந்த நேரத்தில் அவருக்கு யோசனையும் வந்தது.

"ஏ புள்ள. பெருச சின்னதாக்க முடியாது."

"அதைத்தானே மேஸ்திரியும் சொல்லிட்டுப் போறாரு."

"சின்னதப் பெருசாக்கலாமுல்ல?"

மூக்கம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அவர் என்ன சொல்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"குன்னூர்த் தேருக்கு மிசின் வச்சுப் பச்ச குத்துறவன் வருவான். வலது கையிலதான் ஊசி படக் கூடாது. எடது கைக்கு ஒண்ணும் இல்லையே" என்றார் சுடலைமுத்து.

"அது நல்லா இருக்கற கைங்க."

"நல்லா இருக்கறதுனாலதான் சொல்றேன்."

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா? எனக்கு வேலைக்குப் போற தெம்பே இல்லைங்க. ஒரு மாசம், எதையும் நெனைக்காம, ஒரு மாசம் படுத்துக் கெடந்தாப் போதும்னு இருக்கு."

"படுக்கறதுக்கு மொதல்ல எடம் வேணாமா?"

அவர் கேட்டது தப்பான கேள்வி இல்லை. ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. கருகினதை அவள் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

தேருக்கு ரெண்டு பஸ் மாறிப் போனார்கள். மழை வரும்போல மூடிக்கொண்டு நின்றது வானம், ஆனால் வரவில்லை. குன்னூரில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். வளையல் கடைகளுக்கு அப்பால் ஒரு படுதாவுக்குக் கீழே வேலன் என்பவன் கார் பேட்டரியில் மிசினை மாட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் துணியில் சிங்கம், வேல், சிலுவை, ரோசாப்பூ, எல்லாம் வரைந்து தொங்கின. வடுகபட்டிக்காரன் என்று பேச்சில் தெரிந்தது. தொழிலில் பேச்சு ஓயாது அவனுக்கு.

"இதைப் பெருசு பண்ணணுமா? எல்லாரும் அழிக்க முடியுமான்னுதாம்மா கேப்பாங்க. போன தேருக்கு ஒரு பொண்ணு, நெஞ்சுல பேரு எழுதியிருக்கு, பேருக்காரன் போயிட்டான், அழின்னு அழுவுது. நான் என்ன சிலேட்டா வச்சிருக்கேன்?"

"நீ பெருசு பண்ணு" என்றார் சுடலைமுத்து. "அந்தக் கையில இருக்கறதப் பாத்து அதே அளவுக்கு."

வேலன் வலது கைக் கட்டை அவிழ்க்கச் சொன்னான். பார்த்தான். அவன் பேச்சு நின்றது. விரலால் தொடாமல், ஒரு ஈர்க்குச்சியைக் கிட்டத்தில் பிடித்துக் கொடுக்கிலிருந்து தலைவரை நீளம் எடுத்தான்.

"இது உடம்புக்குச் சரியில்லாத கையில்ல?"

"ஆமா."

"அய்யா, நான் சொல்லிடறேன், பெறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. பச்ச உடம்போட போற சாமான். உடம்பு பெருத்தா பெருக்கும், வத்துனா வத்தும், வெயில்ல நின்னா வெளுக்கும். புள்ளத்தாச்சி வயித்துல கொடி போடச் சொன்னா நான் போடமாட்டேன், பெத்ததுக்குப் பெறகு வாம்மான்னு அனுப்பிருவேன். நான் குத்தறது இன்னைக்கு இருக்கிற உடம்புக்குத்தான். நாளைக்கு இந்தக் கை வேற மாதிரி ஆயிட்டா அந்தத் தேளு கூடவே மாறாது."

"வத்துனா நல்லதுதானேப்பா. அப்பப் பாத்துக்கலாம்."

வேலன் மூக்கம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் தேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர் தூரத்தில் அசையாமல் நின்றது. மிசின் கத்தத் தொடங்கியதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பழைய தேளின் மேலேயே புது மையில் கொடுக்கை நீட்டி, வயிற்றைப் பருக்க வைத்து, வலது தேளில் இல்லாத கால் இதிலும் இருக்கக் கூடாதே என்று ஒரு காலை மட்டும் பட்டையாகக் கருக்கி மூடினான். ரத்தமும் மையும் துடைக்கத் துடைக்க ஊறிற்று. வேலை சுத்தமான வேலை, அதில் குறை சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்கம்மா ரெண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். ஒன்று கனத்தது, ஒன்று எரிந்தது. "சாப்பிட ஏதாச்சும் வாங்கட்டா?" என்று சுடலைமுத்து கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பின்னால் நடந்ததுதான் வேடிக்கை. இடது கை புண்ணாகி எரிச்சலெடுத்ததால் அவளால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. குடம் தூக்கவில்லை, விறகு பொறுக்கவில்லை, ரொட்டிகூடத் தட்டவில்லை. பாலாமணி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்து, கூடவே ரெண்டு வசவும் கொடுத்துவிட்டுப் போவாள். மூக்கம்மா படுத்தே கிடந்தாள். வலது கை தலையணைமேல் உயர்ந்து கிடந்தது. நர்சம்மா சொன்னதெல்லாம் ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக நடந்தது.

இடது கைப் பக்கு உதிரத் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் காலை சுடலைமுத்து வலது கைக் கட்டை அவிழ்த்தார். லாந்தரைக் கிட்டத்தில் கொண்டுபோனார். திரும்ப ஒருமுறை பார்த்தார்.

"என்னாங்க?"

"வத்திருச்சு புள்ள."

வலது தேள் பழையபடி ஒடுங்கியிருந்தது. இடது தேள் கன்னங்கரேலென்று, கொழுத்து, கொடுக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கம்மா ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. "சும்மா படுத்திருந்தாலே போதும்னு அன்னைக்கே சொன்னேனுங்களே" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் வந்த அன்று பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில், மேசை போட்டிருந்தார்கள். காய்ச்சல், பேதி, அட்டைக்கடி என்று நீண்ட வரிசை. மூக்கம்மா ரெண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். டாக்டர் வலது கையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்; குழி விழவில்லை. இடது கையைப் பார்த்தார்.

"இதென்னம்மா, புதுசா மினுங்குது?"

"மங்கிப்போச்சுன்னு தேருக்குப் போனப்ப மேல குத்திக்கிட்டேங்க."

"இந்த வயசுலயா?" என்று சிரித்தார். "சரி. வலது கைத் தேளு இதைவிடச் சின்னதாவே போச்சு. சொன்ன பேச்சைக் கேட்டிருக்கே. கை வலிக்குதா?"

மூக்கம்மா வரிசைக்கு வெளியே நின்ற சுடலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மண்ணைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து வேலை. இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு விடியலில் போவாள். வைகாசிக் கொழுந்து கண் மூடித் திறப்பதற்குள் முற்றிவிடும், அதனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. மலைச்சரிவில் நின்று ரெண்டு கையும் ஓயாமல் கிள்ளி, தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிய வேண்டும். நிறுத்துவிட்டு வந்து மறுபடி நிரப்ப வேண்டும். சுடலைமுத்து எமரால்டு என்கிற ஊர்ப் பக்கம் கேரட் கழுவப் போனார். ஐஸ் மாதிரியான தண்ணீரில் நாள் முழுக்க நின்று கேரட்டைத் தேய்த்துவிட்டு வந்தால் உள்ளங்கை மரத்து, சுடுதண்ணீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது.

மழை பிடித்துக்கொண்டது. மூக்கம்மாவின் வலது கை மெதுவாக நீர் கட்டத் தொடங்கியது. தேள் நாளுக்கு நாள் வளர்ந்தது. கொழுந்துக் கறை படிந்து படிந்து பழைய மை, புது மை என்கிற வித்தியாசம் போய் ரெண்டும் ஒரே கருப்பாகியிருந்தன. வளர்ந்து வளர்ந்து ஒருநாள் இடது தேளின் அளவுக்கு வந்து நின்றது. குழாயடியில் பாலாமணி பார்த்துவிட்டு, "அப்பாடா, இப்பத்தான்டி ரெண்டும் பாக்க லெட்சணமா, ஒரே மாதிரி இருக்கு" என்றாள். அவள் மனசார வாழ்த்தினாள், பாவம்.

மூக்கம்மா மேஸ்திரியிடம் போனாள். மழையில் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட நஞ்சப்பன் நிறுவைத் தராசருகே நின்றிருந்தார்.

"கை மறுக்கா வீங்கிருச்சுங்க. ரெண்டு நாளு லீவு குடுங்க."

"எங்கே, காட்டுங்க."

காட்டினாள். அவர் இந்தத் தேளையும் அந்தத் தேளையும் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது?"

"எடது கையில இருக்கறது பொய்யிங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் டாக்டரையும் எஸ்டேட்டையும் ஏமாற்றினது வெளியே வரும், வேலையும் போகும், வீடும் போகும். வாயை மூடிக்கொண்டாள்.

"சீசன்ல எல்லாருக்குமே கையி கடுக்கத்தானுங்க செய்யும். தைலத்தைத் தேச்சுக்குங்க" என்றார் நஞ்சப்பன். கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த அளவுகோல் அவ்வளவுதான், டாக்டர் வாயாலேயே கேட்டது.

அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. சுடலைமுத்து கேரட் சேறு போகக் கைகாலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது மூக்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நனைந்த சேலையை மாற்றியிருந்தாள், தலை காயவில்லை. அடுப்பு பற்ற வைக்கவில்லை.

"உலை வைக்கலையா?"

"இல்லைங்க. மொதல்ல கையக் கட்டி விடுங்க."

கையை நீட்டினாள். அவர் துணிச்சுருளை எடுத்துக்கொண்டு எதிரே குந்தினார். லாந்தர் வெளிச்சத்தில் தேளைப் பார்த்தார். பெரிதாகத்தான் இருந்தது. விரலிலிருந்து ஆரம்பித்து, நர்சம்மா காட்டிக்கொடுத்தபடி, ஒரு சுற்றின் மேல் பாதி சுற்றாக ஏறினார். அன்று கேரட் மூட்டை ஏற்ற வந்த லாரி சேற்றில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். எல்லாரும் சேர்ந்து தள்ளினோம் என்றார். அவள் உம் கொட்டவில்லை. முழங்கை தாண்டிக் கட்டி முடித்து, முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகினார்.

"எறுக்கமா இருக்கா?"

மூக்கம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எடது கைங்க" என்றாள்.

சுடலைமுத்துவுக்கு விளங்கவில்லை. குனிந்து பார்த்தார். அவள் மடியில் முந்தானைக்குள் கிடந்த மற்றக் கையை எடுத்து லாந்தருக்கு முன்னால் வைத்தாள். விரலெல்லாம் உப்பி, தோல் மினுமினுத்தது. அதன் மேலும் அதே அளவில் ஒரு தேள்.

"நீட்டும்போதே ஏன் சொல்லல?"

"ஒங்களுக்காச்சும் தெரியுதான்னு பாத்தேன்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அலுப்பாகச் சொன்னாள். சுடலைமுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்; மரத்துப்போன விரலுக்கு முடிச்சு அகப்படவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து கூட இருக்கிறேன், இவள் கை எது என்று எனக்கே தெரியாமல் செய்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டார். துணியைச் சுருட்டிக்கொண்டு வலது கையைத் தூக்கித் தன் முட்டிமேல் வைத்தார். ஈரக் கோணிமூட்டை மாதிரி கனத்தது.

"நாளைக்குப் பெரட்டுக்கு நீ போவாத புள்ள."

"ம்."

"நான் போறேன். போயி மேஸ்திரிகிட்டச் சொல்லிப்புடறேன்."

"என்னான்னு?"

அவர் விரலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று, அதன் மேல் பாதி. லீலாவதி வீட்டு ஒற்றை அறை கண்ணுக்குள் வந்தது. அதில் நாலு பேர் படுத்திருந்தது போக மிச்சம் எவ்வளவு இடம் என்று பார்த்தார். பேர் மறந்துபோன தின்னவேலி ஊரை நினைத்துப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. மழை தகரத்தின் மேல் சடசடவென்று அடித்தது.

"எடது கைத் தேளு நான் போட்ட பொய்யின்னு சொல்றேன். காம்பராவை எடுத்துக்குங்க, அவ கையைப் பாருங்கன்னு சொல்றேன்" என்றார்.

பதில் வராததால் நிமிர்ந்து பார்த்தார். மூக்கம்மா உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போயிருந்தாள்.